‘எஜுகேஷன்’ என்ற சொல்லும் அதன் பொய் வேரும்

இந்தியாவில் பி.எட். படிப்பில் சேரும் மாணவர் கல்வியியல் பாடத்தில் முதலில் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் ஒரு லத்தீன் பட்டியலாக இருக்கும். ‘எஜுகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் மூன்று லத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது என்று வழிகாட்டி நூல்கள் கூறும். முதலாவது ‘எடுகேர்’, பொருள் வளர்த்தல். இரண்டாவது ‘எடுசெர்’, பொருள் வெளிக்கொணர்தல். மூன்றாவது ‘எடுகேட்டம்’, பொருள் கற்பிக்கும் செயல். மூன்றையும் அடுக்கிய கையோடு நூலாசிரியர் இரண்டாவதைப் பற்றிக்கொள்வார். எனவே கல்வி என்பது குழந்தைக்குள் உறையும் ஆற்றலை வெளிக்கொணர்வதே என்று முடித்துவிடுவார். அதே வாக்கியம் கருத்தரங்கத் தொடக்கவுரைகளிலும், ஆய்வேடுகளின் முதல் இயலிலும், தேர்வுகளின் ஒரு மதிப்பெண் வினாக்களிலும் மாற்றமின்றி வலம்வருகிறது.

இந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே சரி. இன்னொன்று உறவுடைய சொல். ஆனால் மூலம் அன்று. மூன்றாவது தனிச்சொல்லே அன்று. லத்தீன் இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களைப் படித்தவர் எவரும் சில நிமிடங்களில் கண்டுகொள்ளக்கூடிய பிழை இது. ஆசிரியர்களை உருவாக்கும் துறை, சரிபார்க்கப்படாத ஒரு செய்தியைத் தன் முதல் பாடமாக ஏன் வைத்திருக்கிறது என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் இலக்கணம். லத்தீன் அகராதிகள் வினைச்சொல்லைத் தன்மை ஒருமை நிகழ்கால வடிவில் தலைச்சொல்லாகத் தருகின்றன. தமிழ் அகராதி ‘செய்’ என்று பகுதியைத் தரும் இடத்தில் லத்தீன் அகராதி ‘செய்கிறேன்’ என்று தரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வளர்த்தலைக் குறிக்கும் வினையின் தலைச்சொல் ‘ஏதுகோ’. வெளியே நடத்திச் செல்லலைக் குறிக்கும் வினையின் தலைச்சொல் ‘ஏதூகோ’. உயிரின் நீளத்தைக் காட்டும் குறி இல்லாமல் உரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துக்கோவை. தமிழ் எழுத்தில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. முன்னதில் நடு உயிர் குறில், பின்னதில் நெடில். (லத்தீனின் ஒலி பல்லொலி ஆதலால் இங்கே தகரம் ஆளப்படுகிறது.) சொல்லழுத்தமும் வேறு. ‘ஏதுகோ’வில் அழுத்தம் முதல் அசையில் விழும், ‘ஏதூகோ’வில் நடு அசையில் விழும். ஓர் உரோமானியரின் காதுக்கு இவை இரு வேறு சொற்கள். ‘வளம்’ என்பதையும் ‘வாளம்’ என்பதையும் தமிழர் ஒன்றெனக் கொள்ளாதது போலத்தான்.

வினைவகையும் வேறு. ‘ஏதுகோ’ முதல் வினைவகையைச் சேர்ந்தது. அதன் செயவென் வடிவம் ‘ஏதுகாரெ’; இறந்தகாலம் ‘ஏதுகாவீ’. ‘ஏதூகோ’ மூன்றாம் வினைவகையைச் சேர்ந்தது. அதன் செயவென் வடிவம் ‘ஏதூகெரெ’, இறந்தகாலம் ‘ஏதூக்ஸீ’. 1879-இல் வெளிவந்த லூயிஸ், ஷார்ட் லத்தீன் அகராதியைத் திறந்தால் இவ்விரண்டும் தனித்தனி எண்ணிட்ட பதிவுகளாக நிற்பதைக் காணலாம். ஒன்றரை நூற்றாண்டாக எந்த நூலகத்திலும் பார்க்கக்கூடிய செய்தி இது.

இவ்விரு வினைகளிலிருந்தும் தனித்தனியே தொழிற்பெயர்கள் பிறந்தன. ‘ஏதுகாரெ’ தந்த பெயர் ‘ஏதுகாத்தியோ’. ‘ஏதூகெரெ’ தந்த பெயர் ‘ஏதுக்தியோ’. ஆங்கிலத்தின் ‘எஜுகேஷன்’ முதலாவதின் வழி வந்தது. இரண்டாவதன் வழியில் ‘இடக்ஷன்’ என்ற அரிய சொல் ஆங்கிலத்தில் தனியே உண்டு. ‘இடியூஸ்’ என்ற வினையும் உண்டு. மறைந்திருப்பதை வெளிப்படுத்துதல், ஊகித்துப் பெறுதல் என்பவையே அவற்றின் பொருள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் ‘எஜுகேட்’ என்பதை ‘ஏதுகாரெ’யோடும், ‘இடியூஸ்’ என்பதை ‘ஏதூகெரெ’யோடும் இணைக்கிறது. ‘வெளிக்கொணர்தல்’ என்ற பொருளுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அச்சொல் ‘எஜுகேஷன்’ அன்று.

இனி மூன்றாவது. பாடநூல்கள் ‘எடுகேட்டம்’ என்று எழுதும் ‘ஏதுகாத்தும்’ எங்கிருந்து வந்தது? லத்தீன் அகராதி ஒவ்வொரு வினைக்கும் நான்கு அடிப்படை வடிவங்களைத் தரும். நிகழ்காலத் தன்மை ஒருமை, செயவென் வடிவம், இறந்தகாலத் தன்மை ஒருமை, இறுதியாக இலக்கணிகள் ‘சுபைன்’ என்று அழைக்கும் வடிவம். ‘ஏதுகோ, ஏதுகாரெ, ஏதுகாவீ, ஏதுகாத்தும்’ என்பதே அந்த வரிசை. நான்காவது வடிவம், இயக்கத்தைக் குறிக்கும் வினைகளோடு சேர்ந்து நோக்கத்தை உணர்த்தும். ‘வளர்க்கச் சென்றாள்’ என்பதில் ‘வளர்க்க’ என்னும் எச்சம் செய்யும் வேலையை ஒத்தது அது. ‘கற்பிக்கும் செயல்’ என்ற பொருள் அதற்கு எவ்விடத்திலும் இல்லை. ஒரே வினையின் இரு வடிவங்களை இரு மூலச்சொற்களாக எண்ணுவது, ‘வளர்ப்பு’ என்ற தமிழ்ப் பெயர் ‘வளர்த்தல்’, ‘வளர்க்க’ என்னும் இரு சொற்களிலிருந்து பிறந்தது என்று சொல்வதற்கு ஒப்பாகும். அப்படி எழுதும் தமிழ் மாணவரின் விடைத்தாளில் சிவப்பு மை விழும். லத்தீன் என்றால் மட்டும் விழுவதில்லை.

இலக்கணத்தை விட்டு ஆட்சிக்கு வந்தாலும் முடிவு மாறுவதில்லை. ‘ஏதூகெரெ’ சீசரின் போர்க்குறிப்புகளில் அடிக்கடி வருகிறது. படையைப் பாசறையிலிருந்து வெளியே நடத்திச் செல்வதும், உறையிலிருந்து வாளை உருவுவதும் அங்கே அதன் பொருள். ‘ஏதுகாரெ’யின் உலகம் வேறு. குழந்தையை வளர்ப்பது, குட்டியை வளர்ப்பது, செடியைப் பேணுவது ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும். கத்துல்லுஸ் தம் மணப்பாடல் ஒன்றில் பூவை மழை வளர்ப்பதற்கு இவ்வினையை ஆள்கிறார். விலங்குகள் தம் ஈற்றை வளர்க்கப் படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் சிசரோ ‘ஏதுகாத்தியோ’ என்ற பெயரையே பயன்படுத்துகிறார். இப்பொருள் உரோமாபுரியோடு மறைந்துவிடவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் பட்டுப்புழு வளர்ப்பும் நெடுங்காலம் ‘எதுகாசியோன்’ என்றே வழங்கியது. பட்டுப்புழுவினுள் உறையும் ஆற்றலை வெளிக்கொணர்வது பற்றி அந்த உழவர்கள் கவலைப்பட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. முசுக்கட்டை இலை நேரத்துக்குக் கிடைக்கிறதா என்பதே அவர்களது கவலை.

உரோமானியரே இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததற்கும் சான்று உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் பேரறிஞர் வர்ரோ, பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிய நூலொன்றில் நான்கு பேருக்கு நான்கு வினைகளைப் பகிர்ந்தளித்தார். அந்நூல் இன்று முழுமையாக இல்லை. பிற்காலத்துச் சொல்லாய்வாளர் நோனியுஸ் மார்செல்லுஸ், பொருள் நெருங்கிய சொற்களின் வேறுபாடுகளைத் தொகுத்தபோது அப்பகுதியை மேற்கோளாகக் காத்துவைத்தார். அந்தப் பங்கீட்டின்படி ‘ஏதூகெரெ’ மருத்துவச்சியின் வேலை. குழந்தையை வயிற்றிலிருந்து வெளியே எடுப்பது. ‘ஏதுகாரெ’ செவிலியின் வேலை, பாலூட்டி வளர்ப்பது. பழக்கவழக்கங்களைப் படியவைப்பது குழந்தையோடு உடன் செல்லும் காப்பாளனின் வேலை. ஆசிரியருக்கு வர்ரோ ஒதுக்கிய வினை ‘தொகேரெ’, அதாவது கற்பித்தல். ஆசிரியர் பயிற்சி நூல்கள் தம் மாணவர்க்குப் பெருமையாக அணிவிக்கும் வினை, அம்மொழிக்குரியவரின் கணக்கில் ஆசிரியருடையதே அன்று. அது பேறு பார்ப்பவருடையது.

இங்கே எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தை மறைப்பது முறையன்று. இரு வினைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதில் ஒப்பியல் மொழியியலுக்கு ஐயமில்லை. இழுத்தல், நடத்துதல் என்னும் பொருளுடைய ‘தெஉக்’ என்ற இந்தோ-ஐரோப்பிய மீட்டுருவே அந்த வேர். அதன் முழு உயிர்நிலை ‘தூகெரெ’ என்ற வினையில் நெடிலாக நிற்கிறது. அதன் நலிந்த உயிர்நிலை, தலைவனைக் குறிக்கும் ‘துக்ஸ்’ என்ற பெயரிலும் ‘ஏதுகாரெ’ என்ற வினையிலும் குறிலாக நிற்கிறது. சொல்லுதலைக் குறிக்கும் ‘தீகெரெ’ நெடிலோடும், சுட்டிக்காட்டுதலைக் குறிக்கும் ‘இந்திகாரெ’ குறிலோடும் நிற்பது இதே ஒழுங்கின் இன்னொரு சான்று. முன்னே நிற்கும் ‘ஏ’ என்பதும் வெளியே என்று பொருள்படும் முன்னொட்டே. ஆதிலத்தீனில் இரண்டின் எல்லையும் சில இடங்களில் கலந்திருந்தது. பிளாத்துஸ், தெரென்ஸ் ஆகியோரின் நாடகங்களில் ‘ஏதூகெரெ’யும் குழந்தையை வளர்த்து ஆளாக்கும் பொருளில் வருகிறது.

இந்த நியாயங்களை எல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் வழிகாட்டி நூலின் முடிவு நிற்பதில்லை. இரு சொற்களும் கலந்த இடத்தில் ‘ஏதூகெரெ’தான் வளர்த்தல் என்ற பொருளை நோக்கி நகர்ந்தது, ‘ஏதுகாரெ’ உள்ளாற்றலை வெளிக்கொணர்தல் என்ற பொருளை நோக்கி நகரவில்லை. அவ்வாட்சிகளில் வளர்ந்து வெளியே வருவது குழந்தை. குழந்தைக்குள்ளிருந்து திறமை ஒன்று வெளியே வருவதாக எந்த நாடகப் பாத்திரமும் பேசவில்லை. செயப்படுபொருளை மாற்றிவிட்டால் எந்த வினையையும் எந்தக் கொள்கைக்கும் சாட்சியாக நிறுத்தலாம்.

இந்நோய் லத்தீனுக்கு மட்டும் உரியதன்று. ‘கல்வி’ என்பது ‘கல்லுதல்’, அதாவது தோண்டுதல், என்பதிலிருந்து வந்தது என்றும், ஆகவே கல்வி என்பது உள்ளிருப்பதைத் தோண்டி எடுப்பதே என்றும் தமிழ் மேடைகளில் கேட்கலாம். தமிழ் இலக்கணமே இதற்கு விடை சொல்கிறது. கற்கும் வினை ‘கற்றான், கற்க’ என்று விகற்பிக்கும். தோண்டும் வினை ‘கல்லினான், கல்ல’ என்று விகற்பிக்கும். இறந்தகாலம் வேறு, எச்சம் வேறு, பொருள் வேறு. ‘கல்வி’ கற்கும் வினையின் பெயர். வரலாற்றுக்கு முந்தைய ஏதோ ஒரு நிலையில் இவற்றுக்கு உறவு இருந்ததா என்பது தனி ஆய்வு. அதற்கு ஒலி ஒப்புமை மட்டும் போதாது. மணற்கேணியைத் தோண்டுவதோடு கற்பதை ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆனால் அவர் செய்தது உவமை. உவமையைச் சொற்பிறப்பாக்குவது பிற்கால மேடைகளின் வேலை.

“சொற்பிறப்பு தவறாக இருக்கலாம், கருத்து நல்லதுதானே, அதை ஏன் குலைக்க வேண்டும்?” என்பது வழக்கமாக எழும் மறுப்பு. கருத்து நல்லதாகவே இருக்கலாம். அப்படியானால் அது தன் சொந்தக் காலில் நிற்கட்டும். அறிவு உள்ளேயே இருக்கிறது, ஆசிரியர் அதை வெளிவரச் செய்கிறார் என்ற எண்ணத்துக்குப் பெருமைமிக்க பிறப்பிடங்கள் உண்டு. பிளேட்டோவின் ‘தியைதீதஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் தம்மை மருத்துவச்சியோடு ஒப்பிடுகிறார். ‘மீனோ’ உரையாடலில் ஓர் அடிமைச் சிறுவனிடம் கேள்வி கேட்டுக் கேட்டே வடிவகணித உண்மையை அவன் வாயிலிருந்து பெறுகிறார். மனிதனிடம் ஏற்கெனவே இருக்கும் முழுமையின் வெளிப்பாடே கல்வி என்ற விவேகானந்தரின் கருத்து வேதாந்தத்தின் மேல் எழுந்தது. 1937-இல் ‘ஹரிஜன்’ இதழில், உடல், மனம், ஆன்மா ஆகியவற்றின் சிறந்தவற்றை வெளிக்கொணர்வதே கல்வி என்று காந்தி வரையறுத்தது கைத்தொழில்வழிக் கல்வி என்ற அவரது திட்டத்தோடு சேர்ந்தது. இவற்றோடு உடன்படலாம், முரண்படலாம். இவற்றுள் எதன் வலிமையும் ஒரு லத்தீன் வினையின் உயிர் குறிலா நெடிலா என்பதைச் சார்ந்ததில்லை. பிளேட்டோவையும் விவேகானந்தரையும் காந்தியையும் படிக்கவைப்பதற்குப் பதிலாக ஒரு பொய் வேரை மனப்பாடம் செய்யவைப்பது அந்த மூவருக்கும் செய்யும் அவமதிப்பு.

அதற்கும் மேலாக, அந்தக் கருத்து குற்றமற்றதும் அன்று. உள்ளே இருப்பதை வெளிக்கொணர்வதே கல்வி என்றால், எதுவும் வெளிவராத குழந்தையினுள் எதுவும் இருந்ததில்லை என்ற முடிவு அடுத்த வாசலிலேயே காத்திருக்கிறது. இந்த நாட்டில் அம்முடிவுக்கு ‘தகுதி’ என்று பெயர். நூலகம் இல்லாத பள்ளி, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடம், புரியாத மொழியில் நடக்கும் பாடம், வீட்டில் படிப்பதற்கு இடமின்மை ஆகிய எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. தோல்வி குழந்தையின் உள்ளே வைக்கப்படுகிறது; நிறுவனம் கைகழுவிக்கொள்கிறது. விவாதத்துக்கு உரிய இத்தகைய கொள்கை, “லத்தீனில் அதன் பொருளே அதுதான்” என்ற ஒரே வரியால் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்கப்படுகிறது. பொய் வேரின் உண்மையான தீங்கு அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மறுதலையான தவற்றையும் செய்யக் கூடாது. ‘ஏதுகாரெ’ என்பது பாலூட்டி வளர்த்தல். ஆகவே கல்வி என்பது வளர்த்தலே என்று முழங்கத் தோன்றலாம். அதுவும் அதே பிழையே. ஒரு சொல்லின் தொடக்கப் பொருள் அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை. இன்று ஒரு சமூகம் என்ன செய்ய வேண்டும் என்பதை அறவே தீர்மானிப்பதில்லை. ‘நாற்றம்’ என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதால் இன்று எவரும் அச்சொல்லால் விருந்தினரை வாழ்த்துவதில்லை. கல்வி என்னவாக இருக்க வேண்டும் என்பது வாதத்தாலும் அனுபவத்தாலும் அரசியலாலும் முடிவு செய்யப்படுவது. அரசமைப்பின் 21அ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, நூலகம் ஆகியவற்றுக்கு வரையறை வகுத்தது. அவற்றை எழுதியவர்கள் வர்ரோவிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

எஞ்சுவது தேர்வு. ‘எஜுகேஷன்’ என்ற சொல்லின் மூலம் எது என்ற வினாவுக்கு மூன்று வடிவங்களைத் தந்து, நான்காவதாக ‘இவை அனைத்தும்’ என்று முடித்து, அதையே விடைக்குறிப்பில் சரி என்று அச்சிடும்போது நிகழ்வது என்ன? படிக்காமல் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. அகராதியைத் திறந்து பார்த்தவருக்கு அது கிடைப்பதில்லை. ஐயப்படு, மூலத்தைத் தேடு, சரிபார் என்று நாளை வகுப்பறையில் சொல்லப் போகிறவருக்கு அத்துறை இன்று அளிக்கும் செயல்முறைப் பாடம் இதுதான். ஒரு நூல் இன்னொரு நூலைப் பார்த்து எழுதுகிறது. வினாத்தாள் அந்நூலைப் பார்த்து எழுதப்படுகிறது. அடுத்த நூல் வினாத்தாளைச் சான்றாகக் கொள்கிறது. இந்த வட்டத்தில் எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் பார்க்கவும் இல்லை.

திருத்தம் மிக எளிது. அந்தப் பத்தி இருக்கும் இடத்தில் மூன்று வாக்கியங்கள் போதும்: ‘எஜுகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல், வளர்த்தல் என்று பொருள்படும் ‘ஏதுகாரெ’ என்ற லத்தீன் வினையின் பெயர்வடிவிலிருந்து வந்தது. வெளியே நடத்துதல் என்று பொருள்படும் ‘ஏதூகெரெ’ அதே வேரிலிருந்து கிளைத்த வேறொரு வினை. ஒரு சொல்லின் பிறப்பு அச்சொல் குறிக்கும் பொருளைப் பற்றிய கொள்கைக்குச் சான்றாகாது.

மூன்றாவது வாக்கியமே மாணவருக்கு மிகவும் தேவையானது. பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்போரும், வினாத்தாள் அமைப்போரும், ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருப்போரும் இந்தத் திருத்தத்துக்காக எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பதிப்பில் ஒரு பத்தியை மாற்றினால் போதும். அடுத்த வினாத்தாளில் ஒரு வினாவை நீக்கினால் போதும். அதுவரை, விடைத்தாளில் ‘ஏதுகாரெ மட்டும்’ என்று எழுதி ஒரு மதிப்பெண்ணை இழக்கும் மாணவரே அந்த அறையில் கல்வி பெற்றவர்.